சைட்டின் வேலி எங்கே முடிகிறது?

திருச்சி விமான நிலையத்தில் இரவு பத்து மணிக்குச் சிங்கப்பூர் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் இருபத்தைந்தைத் தாண்டாத பையன்கள். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய அட்டைப்பெட்டிகள். அவற்றின்மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர்கள், ஊர்கள்: அறந்தாங்கி, திருமயம், மன்னார்குடி, பரமக்குடி. கண்ணாடிக்கு அப்பால் நின்ற அம்மாக்கள், பிள்ளை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கையசைத்தார்கள்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்கு ஆலங்குடிப் பக்கத்துப் பையன் வந்து சேர்ந்தான். முதல் பயணம். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த காகிதங்களை நான்கைந்து தடவை எடுத்துச் சரிபார்த்தான்.

"ஸ்கில் டெஸ்ட் அடிச்சு ஆறு மாசம் கழிச்சுத்தான்ணே வேலை பெர்மிட்டுக்கு ஐபிஏ வந்துச்சு. போனதும் சேஃப்டி கோர்ஸ் இருக்கு. அதுல பாஸானாத்தான் சைட்டுக்குள்ள விடுவாங்க."

கைப்பேசியில் படங்களைக் காட்டினான். உயரத்தில் வேலை செய்பவர் இடுப்பிலும் தோளிலும் மாட்டும் பட்டை, சாரத்தின் கைப்பிடிக் கம்பி, கிரேன் தூக்கும் சுமைக்குக் கீழே நிற்கக் கூடாது என்ற சிவப்புக் குறுக்குக்கோடு. ஒவ்வொன்றுக்கும் உதட்டசைவில் விடை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அப்பா நிலத்தை ஒத்திக்கு வைத்து அனுப்பியிருப்பதை நடுவில் சொன்னான். அது அந்தப் பாடத்தில் இல்லாத சங்கதி. ஆனால் சாரத்தில் நிற்கும்போது அந்த ஒத்திப் பத்திரமும் அவனோடு சேர்ந்து ஏறும் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் போனது எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பார்க்க. உறவுமுறை வைத்து என்னை மாமா என்பான்; எனக்கு அவன் மருமகன். 2020 ஏப்ரலில் அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "டோர்ம பூட்டிட்டாங்களாம் தம்பி. என் புள்ள உள்ள இருக்கான்" என்றார். ஊரடங்கால் நாங்களும் வீட்டுக்குள்தான் கிடந்தோம். இருந்தும் கடலுக்கு அப்பால் ஒரு கதவு பூட்டப்பட்ட செய்தியே எங்கள் தெரு முழுவதையும் உலுக்கியது. ஏனென்றால் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருந்தது. அன்று நான் அவரிடம் சொன்ன ஆறுதல் எதற்கும் எனக்கே பொருள் தெரியாது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம்.

*

ஞாயிற்றுக்கிழமை தேக்கா. சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கு லிட்டில் இந்தியா தேக்காதான். ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்ததும் மல்லிகையும் மீனும் மசாலாவும் கலந்த காற்று. பஃப்ளோ சாலையில் வாழைத்தண்டும் முருங்கைக்காயும் குவிந்து கிடந்தன. சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளின் முன் வரிசைகள். லெம்பு சாலைத் திடலில் வங்காளத் தொழிலாளர்கள், ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்வெளியில் நம்மூர்க்காரர்கள். செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் தலைக்கவசம் அணிந்த தலைகள் ஒருநாள் எண்ணெய் வைத்துச் சீவப்பட்டிருந்தன.

வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் மருமகன் காத்திருந்தான். பழைய ஆட்கள் அந்தக் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் இருந்தன. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த நாராயண பிள்ளை இத்தீவில் செங்கல் சூளை தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். 1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். சிங்கப்பூரின் முதல் சுவர்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் போன வழியில் இருநூறு ஆண்டு கழித்தும் நம் ஆட்களே நடக்கிறார்கள்.

மருமகன் இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். கம்பி கட்டும் வேலையில் தொடங்கியவன். படித்து, கோர்ஸ் கோர்ஸாக முடித்து, பச்சைச் சட்டைக்கு வந்திருக்கிறான். கேம்பல் லேனில் தேநீர் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"மாமா, இந்த இடம் ஞாயித்துக்கிழமை காலியா கிடந்து பாத்திருக்கீங்களா? நானும் பாக்கல. பாக்க விட்டாத்தானே?"

அவன் சொன்னதன் பின்னணி இது. 2020 ஜனவரி 23இல் சிங்கப்பூர் தன் முதல் கொவிட் நோயாளியை அறிவித்தது. பிப்ரவரியில் செலேத்தார் ஏரோஸ்பேஸ் ஹைட்ஸ் கட்டுமானத் தளத்தில் ஐந்து வங்காளதேசத் தொழிலாளர்களுக்குத் தொற்று தெரிந்தது. அந்தச் சிறு பொறி அப்போது அணைக்கப்பட்டது. மார்ச் கடைசியில் தொழிலாளர் விடுதிகளில் அடுத்தது பற்றியது. ஏப்ரல் தொடக்கத்தில் தேக்காவின் முஸ்தஃபா சென்டர் அங்காடி மூடப்பட்டது. ஏப்ரல் 5இல் பொங்கோல் எஸ்11 விடுதியும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்கள் என அரசிதழில் வந்தன. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 பேர் அறைகளுக்குள் நின்றார்கள். ஏப்ரல் 7இல் சர்க்கியூட் பிரேக்கர் என்ற நாடு தழுவிய முடக்கம் தொடங்கியது. ஏப்ரல் 20 முதல் கட்டுமானத் துறையின் ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் ஆட்கள் அனைவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற உத்தரவு நடப்புக்கு வந்தது. அதே ஏப்ரல் 20இல் ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த ஆண்டின் உச்சம் அதுதான். ஏறக்குறைய எல்லாருமே விடுதிகளில் இருந்தவர்கள்.

"எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. மேல ஆறு, கீழ ஆறு. நான் மேல. கைய நீட்டுனா அடுத்தவன் தலையணை. ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கன்னு தமிழ்லயே நோட்டீஸ் ஒட்டுனாங்க. எங்க தள்ளி நிக்கிறது?"

சித்திரை முதல் நாளை அந்தக் கட்டிலில்தான் கழித்திருக்கிறான். மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாடு. கழிப்பறைக்கு முறை. ஒருநாள் நடு இரவில் பக்கத்துக் கட்டில்காரருக்கு மூச்சு வாங்கியது. முழுக்க மூடிய உடையில் வந்தவர்கள் ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். நான்கு நாள் தகவல் இல்லை. பிறகு சிங்கப்பூர் எக்ஸ்போ கூடத்திலிருந்து அவரே போன் செய்தார். அந்த நான்கு நாளும் அவருடைய மனைவிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், ஊரிலிருந்து வந்த அழைப்பை யாரும் எடுக்கவில்லையாம்.

"அதுதான் மாமா எனக்கு இன்னும் ஆறல. போன் அடிச்சு அடிச்சு நிக்கும். பன்னெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

*

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் நடப்போமா? ஒரு இடம் காட்டணும்" என்றான். சுல்தான் பள்ளிவாசல் பக்கமாகக் கடந்து கடற்கரைச் சாலைக்கு வந்து, நிக்கல் நெடுஞ்சாலை ரயில் நிலையத்தை அடைந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. மரங்களும் புல்லும் அகலமான சாலையும் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"இங்கதான்" என்றான்.

2004 ஏப்ரல் 20, பிற்பகல். வட்ட ரயில்பாதைக்காக இங்கே சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தின் இருபக்கச் சுவர்களும் உள்ளே சாயாதபடி இரும்பு உத்தரங்கள் குறுக்கே முட்டுக்கொடுத்திருந்தன. முட்டும் சுவரைத் தாங்கும் கிடைக்கம்பியும் சேரும் இணைப்பு வடிவமைப்பிலேயே பலவீனமாக இருந்தது. ஒரு வரிசை வளைந்ததும் அதன் பாரம் அடுத்த வரிசைக்கு ஏறியது. சில நிமிடங்களில் எல்லாம் உள்ளே இறங்கி, நெடுஞ்சாலையும் கூடவே போனது. நால்வர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்த ஹெங் யோ பியாவ். தன்னோடு இருந்த தொழிலாளர்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் வெளியேற முடியாமல் போனவர். அவருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பள்ளம் மூடப்பட்டு, நிலையம் சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டு 2010இல் திறந்தது.

விசாரணைக் குழு இன்னொன்றையும் பதிவு செய்தது. சுவர் நகர்வதை அளவுக் கருவிகள் முன்பே காட்டியிருந்தன. எச்சரிக்கைகளுக்குத் தக்க பதில் நடவடிக்கை இல்லை. இந்த விபத்தும் அக்காலத்தில் நடந்த வேறு விபத்துகளும் சேர்ந்துதான் பழைய தொழிற்சாலைச் சட்டத்தை மாற்றி, 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தன. விபத்து நடந்தபின் தண்டிப்பதற்கு முன்னால், ஆபத்து பிறக்கும் இடத்திலேயே அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்குமுன் ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டும். மருமகனின் வேலை அதைச் சுற்றித்தான்.

"கோர்ஸ்ல இத பாடமா படிச்சேன் மாமா. பாத்தா ஏப்ரல் இருபது. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. கட்டுமான ஆளுங்க எல்லாரையும் உள்ளயே இருக்கச் சொன்ன தேதி. அடுத்த வருஷமும் அதே தேதி வந்துச்சு."

2021 ஏப்ரல் 20. தீவு விரைவுச்சாலையில் காலை நேரத்தில், ஓரமாக நின்றிருந்த டிப்பர் லாரிமீது தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி மோதியது. பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனவர்களில் இருவர் இறந்தார்கள். ஒருவர் வங்காளதேசத்தவர், மற்றவர் இந்தியர்.

தேதிகள் ஒத்துப்போனது தற்செயல்தான். அதில் கிரகத்தையும் ராசியையும் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புல்வெளி ஓரத்தில் நின்றபோது மூன்று இடங்களும் எனக்குள் ஒரு கோட்டில் வந்து நின்றன. முதல் ஏப்ரலில் பள்ளம், இரண்டாவதில் படுக்கை, மூன்றாவதில் லாரி. ஒரு தொழிலாளியின் நாள் இந்த மூன்றுக்குள்தான் சுழல்கிறது. சட்டம் முதலில் பள்ளத்தைத்தான் பார்த்தது. மற்ற இரண்டையும் பார்க்க வைத்தது எது என்பதை அடுத்த நாள் காலையில் தெரிந்துகொண்டேன்.

*

திங்கள் விடியுமுன் ஐந்தரைக்கு அவனுடைய விடுதிச் சாலையில் நின்றேன். இருட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கையில் சாப்பாட்டுப் பை, தோளில் துண்டு. ஆட்கள் பின்தட்டில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். மேலே மழைத் தடுப்பு. சிலர் ஏறிய மறுநொடியே கண்ணை மூடிவிட்டார்கள். மருமகனின் நிறுவனம் பேருந்துக்கு மாறிவிட்டது. அதில் எனக்கும் இடம் கிடைத்தது.

லாரியில் ஆளேற்றுவது சிங்கப்பூரில் நெடுநாள் விவாதம். மழைத்தடுப்பு, பின்தட்டில் உள்ளவர்கள் சார்பாக ஓட்டுநரைக் கண்காணிக்க ஒரு துணை ஆள், வேலை செய்த களைப்போடு வண்டியை எடுக்காமலிருக்க ஓட்டுநருக்கு 30 நிமிட ஓய்வு என்று 2023 தொடக்கத்தில் விதிகள் இறுகின. இருக்கையும் பட்டியும் உள்ள வண்டிதான் வேண்டும் என்று தொண்டு அமைப்புகள் கேட்கின்றன. செலவு தாங்காது என்று சிறு நிறுவனங்கள் சொல்கின்றன. முதல்நாள் மாலை அந்த நெடுஞ்சாலையில் நின்றவன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சைட்டுக்குள் ஆளுயரத்தைத் தாண்டினாலே பட்டை மாட்டச் சொல்கிறோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டியில் ஏன் வேண்டாம்?

சைட் தெங்காவில். காடாகக் கிடந்த இடத்தில் புதிய அடுக்குமாடி வீடுகள் எழுகின்றன. எனக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தான். தலைக்கவசமும் பூட்ஸும் கொடுத்து, போகக்கூடாத இடங்களைச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே உள்ளே விட்டார்கள். ஏழரைக்கு டூல்பாக்ஸ் மீட்டிங். முதலில் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி. பிறகு அன்றைய வேலை, அதன் ஆபத்து, யார் எந்தப் பக்கம் போகக்கூடாது என்பது ஆங்கிலத்திலும் தமிழிலும் வங்காளத்திலும் சொல்லப்பட்டது. வெயில் கூடும் என்பதால் தண்ணீர் நேரம் எப்போது என்பதையும் சேர்த்துச் சொன்னான் மருமகன். வரிசையில் நின்ற ஒருவர் லேசாகத் தள்ளாடியதைக் கவனித்து, மீட்டிங் முடிந்ததும் தனியே கூப்பிட்டான். "ராத்திரி தூங்கலியாண்ணே?" என்று கேட்டு, மேலே போகும் வேலையிலிருந்து மாற்றிக் கீழே நிறுத்தினான்.

கொவிட் காலத்தில் இதே போன்ற சைட் எப்படி ஓடியது என்று நடந்துகொண்டே விளக்கினான். 2020 ஜூன் 2இல் முடக்கம் தளர்ந்தபோதும் கட்டுமானத்துக்குக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. முடக்கத்தில் சுமார் 5 விழுக்காடு ஆட்களே வேலையில் இருந்தார்கள். ஜூன் மாதத்தில் 10 விழுக்காடாவது வேலைக்குத் திரும்பட்டும் என்பதே கணக்கு. ஒரு சைட் மீண்டும் தொடங்கக் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: ஆட்கள் தொற்றில்லாதவர்களா, வேலையிடம் தொற்றுக்கு இடம்கொடாததா, தங்குமிடமும் போக்குவரத்தும் பாதுகாப்பானவையா.

"அந்த மூணாவதுதான் மாமா விஷயம்" என்று நின்றான். "அதுக்கு முன்னாடி சேஃப்டின்னா கேட்டுக்கு உள்ளதான். ஹெல்மெட்டு, பெல்ட்டு, பூட்ஸு. கேட்டத் தாண்டிட்டா அவன் எங்க படுக்கிறான், எதுல வர்றான்னு எந்தச் சேஃப்டி ஆபீசரும் கேக்கமாட்டாரு. கிருமி கேட்டுக்கு வெளியில இருந்து வந்துச்சு. அப்பத்தான் கேட்டாங்க."

சைட் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டாரத்து ஆள் அடுத்ததற்குள் நுழையக்கூடாது. பார்த்ததும் தெரிய ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிற அடையாளம். வருவதும் போவதும் உண்பதும் வெவ்வேறு நேரம். ஒரே சுத்தியலை இருவர் தொடுவதென்றால் நடுவில் துடைக்க வேண்டும். இடைவெளியைக் கண்காணிக்கவே தனி அலுவலர்கள். பதினான்கு நாளைக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. காலையும் மாலையும் உடல்வெப்பத்தைச் செயலியில் பதிய வேண்டும். யார் யார் அருகில் நின்றார் என்பதைப் பதியும் புளூபாஸ் எனும் சிறு கருவி கழுத்திலோ பையிலோ இருக்க வேண்டும். கைப்பேசியில் பச்சை காட்டினால் வேலை, சிவப்பு காட்டினால் அறை. ஒரே சைட் ஆட்கள் விடுதியிலும் சேர்ந்து தங்க வேண்டும். வெவ்வேறு சைட் ஆட்கள் ஒரே வண்டியில் ஏறக்கூடாது.

கட்டடத் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கடினம் விளங்கும். ஒரு வீடு என்பது பல கைகள் வரிசையாகக் கடந்துபோகும் இடம். கம்பி கட்டுபவர் போனால் பலகை அடிப்பவர் வருவார். அவர் போனால் காங்கிரீட், பிறகு கொத்து, குழாய், மின்கம்பி, டைல்ஸ், வர்ணம். மின்வேலைக்காரரும் குழாய்க்காரரும் ஒரு வாரத்தில் நாலு சைட்டுக்குப் போய்வருவார்கள். அவர்களோடு கிருமியும் போகும். எனவே ஒருவர் ஒரு சைட்டில்தான் வேலை செய்யலாம் என்றார்கள். விளைவாக வேலை நகரவில்லை. வீடுகளின் சாவி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 2021 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வருவோருக்கு வாசல் அடைபட்டபோது கைகளே போதவில்லை.

"மாஸ்க் போட்டுக்கிட்டு கம்பி தூக்குனா கண்ணாடி ஆவி பிடிச்சிரும். கண்ணாடிய கழட்டுனா கண்ணுக்கு ஆபத்து. மாஸ்க கழட்டுனா எல்லாருக்கும் ஆபத்து. அப்ப என்ன பண்றது? பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ஓரமா போய்த் தனியா நின்னு மூச்சு வாங்க விட்டோம். வேலை லேட்டாகும்தான். ஆகட்டும்னு மேல இருந்தவங்க சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா எந்த ரூலும் நிக்காது மாமா."

எனக்கு அந்த நாளில் கிடைத்த பெரிய பாடம் இந்த "ஆகட்டும்"தான். பாதுகாப்புக்கு விலை உண்டு. அது நேரமாகத்தான் கட்டப்படுகிறது. யாராவது ஒருவர் மேலிருந்து அந்த நேரத்தைக் கொடுக்காதவரை, கீழே நிற்பவன் தன் கண்ணையோ நுரையீரலையோ ஈடு வைத்து அதைச் சம்பாதிக்கிறான்.

அந்த "ஆகட்டும்" மறைந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வேலைகள் நின்றிருந்த 2020இல் சிங்கப்பூர் வேலையிடங்களில் 30 பேர் இறந்தார்கள். தேங்கிய வேலைகள் வேகமெடுத்த 2022இல் 46 பேர். 2016க்குப் பிறகு அதுதான் அதிகம். அரசு 2022 செப்டம்பர் 1 முதல் 2023 மே 31 வரை உச்சப் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்தது. கடுமையான குறை கண்ட நிறுவனம் மூன்று மாதம் வரை புதிய வெளிநாட்டு ஊழியரை எடுக்க முடியாது என்றது. தலைமை நிர்வாகியே மனிதவள அமைச்சிடம் நேரில் பொறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2023இல் இறப்பு 36ஆகக் குறைந்தது. 2024இல் மீண்டும் 43. கிருமியைத் தடுக்க உலகமே வியக்கும் ஒழுங்கைக் கொண்டுவந்த ஊரில், சாரமும் கிரேனும் ஃபோர்க்லிஃப்ட்டும் தம் பழைய வரியை மறுபடி வசூலிக்கத் தொடங்கின. தொற்று போன பிறகும் அந்த நிதானத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் அரிது.

*

மாலையில் விடுதி வாசல்வரை போனேன். வெளியாள் உள்ளே போக முடியாது. வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். வராந்தாக்கள் முழுக்கத் துணிகள். நீலச் சட்டை, ஆரஞ்சுச் சட்டை, லுங்கி. சமையலறைப் பக்கமிருந்து தாளிக்கும் வாசனை. கிரிக்கெட் மட்டையோடு சிலர். வெளியே ஒரு மளிகைக் கடையில் சாம்பார்ப் பொடியும் சிம் கார்டும் அருகருகே தொங்கின.

2020இல் இப்படிப்பட்ட விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3,23,000 பேர். டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி அவர்களில் 1,52,794 பேருக்குத் தொற்று வந்திருந்தது அல்லது வந்து போயிருந்தது. நூற்றுக்கு 47 பேர். இறந்தவர்கள் இரண்டு பேர். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். இளம் உடல்கள் என்பது ஒரு காரணம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, வாசலிலேயே மருத்துவர், எக்ஸ்போவிலும் சாங்கி கண்காட்சிக் கூடத்திலும் போட்ட ஆயிரக்கணக்கான படுக்கைகள், ஊழியர் எல்லாருக்கும் சிகிச்சை என்று ஏப்ரல் 10இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நேரடியாகச் சொன்ன உறுதி ஆகியவையும் காரணம். உயிரைக் காத்ததற்கு அந்த நாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். பரவ விட்டது எது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு கை தூரம்தான்.

இதை அந்த ஊரும் ஒப்புக்கொண்டது. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான அளவுகள் வந்தன. ஓர் அறையில் 12 பேருக்குமேல் கூடாது. ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர். கழிப்பறை அறையோடு சேர்ந்தது. 2023 ஏப்ரலில் விடுதிச் சட்டம் ஏழும் அதற்கு மேலும் படுக்கைகள் உள்ள எல்லா விடுதிகளுக்கும் விரிந்தது. பழைய விடுதிகள் படிப்படியாக மாற 2030 வரையும் அதற்கு அப்பாலும் அவகாசம் உண்டு.

படுக்கை அகலமானாலும் தீராத பாடு ஒன்று இருக்கிறது. விடுதிகள் தொற்றிலிருந்து விடுபட்டதாக 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வேலைக்கும் பொழுதுபோக்கு மையத்துக்கும் தவிர அவர்கள் வேறெங்கும் போக முடியவில்லை. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேர் தேக்காவுக்கும் கேலாங் சிராயிக்கும் ஆறு மணி நேரம் போய்வர அனுமதி வந்தது. வெளியே போக அனுமதிச் சீட்டு எடுக்கும் பொதுவான கட்டாயம் நீங்கியது 2022 ஜூன் 24இல். அதற்கிடையே நகரத்து மக்கள் உணவகங்களுக்கும் கடற்கரைக்கும் திரும்பி வெகுநாளாகியிருந்தது. மனம் உடைந்தவர்கள் பலர். அமைச்சு 2020 நவம்பரில் புராஜெக்ட் டான் என்று மனநலப் பணிக்குழு ஒன்றைத் தொடங்க வேண்டியதாயிற்று. மருமகன் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "கோயிலுக்குப் போகணும்னு தோணும். போக முடியாது. பழகிருச்சு" என்றான். பிறகு, தனக்கே சொல்வதுபோல, "பழகக் கூடாது மாமா" என்றான்.

விடைபெறும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "இத எழுதுவீங்களா? எழுதுனா சைட்ட மட்டும் பாத்து எழுதாதீங்க. சைட்டு எல்லா எடத்துலயும் சுத்தமாத்தான் இருக்கும். எங்க படுக்கிறான்னு கேளுங்க. அதுலேயே எல்லாம் தெரிஞ்சிரும்."

*

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பிள்ளை கொடுத்தனுப்பிய தைலமும் மில்க் பவுடரும் கொடுத்தேன். "நல்லா இருக்கானா? நல்ல எடத்துல படுக்கிறானா?" என்றுதான் முதலில் கேட்டார். சோற்றையும் சம்பளத்தையும் பற்றி அடுத்துத்தான். இத்தனை ஆண்டு சட்டமும் விசாரணையும் ஆணையமும் சுற்றி வந்து சேர்ந்த கேள்வியை ஒரு தாய் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டார்.

திரும்பும் வழியில், எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் ஒரு புதிய அடுக்குமாடி எழுகிறது. பல மாதமாக அதைக் கடந்து போயிருக்கிறேன். முகப்பில் பெரிய பலகை: பாதுகாப்பே முதன்மை. வேலை செய்பவர்கள் பீகார், ஒடிசாப் பையன்கள். 2014 ஜூன் 28இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி சரிந்து 61 பேர் இறந்தபோதும், இடிபாட்டில் கிடந்தவர்கள் பெரும்பாலும் இப்படி வேற்று ஊரிலிருந்து வந்தவர்கள்தான். 2020 கோடையில் பிள்ளைகுட்டிகளோடு வடக்கு நோக்கி நம் சாலைகளில் நடந்தவர்களும் இவர்களே. சிங்கப்பூர் நம் பிள்ளைகளைப் பூட்டியது என்று நாம் வருந்திய அதே நாட்களில், நம் வாசலில் இருந்தவர்களுக்குப் பூட்டவும்கூட ஒரு கதவு இருந்ததா என்று நான் அப்போது கேட்கவில்லை.

வண்டியை நிறுத்தினேன். மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த பையனுக்குத் தமிழ் அரைகுறையாக வந்தது. எங்கே தூங்குறே தம்பி என்று கேட்டேன். முதலில் புரியவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். சிரித்தபடி பின்னால் கூட்டிப் போனான்.

கட்டடத்தின் நிழல் விழும் இடத்தில் தகரக் கொட்டகை. வாசலில் தொங்கிய நீலத் தார்ப்பாயை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே அடிக்கும் வெக்கையில் தலையைக் குனிந்து நுழைந்தேன். விரித்திருந்த பாய்களை எண்ணினேன். பதினாறு இருந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் என் ஒரு பாதம் வைக்க இடம் இல்லை.